பழைய ‘அவர் கேங்’ பிரிண்ட் கிடைத்தால்: டப்பா திறப்பது முதல் ஃபைல் சேமிப்பது வரை

ஊமைப்பட காலத்துக் குழந்தைகள் நகைச்சுவையில் ‘அவர் கேங்’ வரிசைக்குத் தனி இடம். கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஹால் ரோச் ஸ்டூடியோ 1922-ல் இந்த வரிசையைத் தொடங்கியது. 1944 வரை 220 குறும்படங்கள் வந்தன. 1929 வரை வந்த ஊமைப்படங்களில் பெரும்பாலானவை இரண்டு ரீல், இருபது நிமிடச் சொச்சம். இந்த வரிசையின் பிரிண்ட் ஒன்று ஏலத்திலோ பழைய சாமான் கடையிலோ யாருடைய பரணிலிருந்தோ கைக்கு வந்தால், செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு: “என்ன படம்னு பார்ப்போமே” என்று புரொஜெக்டரில் மாட்டி ஓட்டுவது. சுருங்கிய ஃபிலிமின் துளைகளைப் புரொஜெக்டரின் நகம் ஒரே ஓட்டத்தில் வரிசையாகக் கிழித்துவிடும். முதலில் அளக்க வேண்டும், பிறகு சுத்தம், அதன் பிறகுதான் ஸ்கேன். ஓட்டிப் பார்ப்பது ஸ்கேன் ஃபைலில்தான்.

சின்ன கேஜ் (ஃபிலிமின் அகலம்) பிரிண்ட்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். திரையரங்குக்குப் போன, எளிதில் தீப்பற்றும் 35 மி.மீ. நைட்ரேட் பிரிண்டுகளில் பெரும்பகுதி ஓட்டம் முடிந்ததும் வெள்ளிக்காக உருக்கப்பட்டது, அல்லது கிடங்கிலேயே அழுகியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை வந்த அமெரிக்க ஊமை முழுநீளப் படங்களில் அசல் 35 மி.மீ. வடிவில் முழுமையாக எஞ்சியது 14 சதவீதம். குறும்படங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. ‘அவர் கேங்’ படங்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு வீட்டு பிரிண்டுகளுக்கு: கோடக்கின் கோடாஸ்கோப் நூலகம் வாடகைக்குவிட்ட 16 மி.மீ., பதே நிறுவனம் விற்ற 9.5 மி.மீ., பிறகு 1960-ல் தொலைக்காட்சிக்காக வெட்டி ஒட்டிய பிரிண்டுகள். இவை பெரும்பாலும் பதே விநியோகித்த காலத்துப் படங்கள். 1927-ல் விநியோகம் எம்ஜிஎம் கைக்கு மாறியது. காணாமல் போனவற்றில் எம்ஜிஎம் காலத்து ஊமைப்படங்களே அதிகம். ஆகவே பாதி வெட்டப்பட்ட, கீறல் விழுந்த 16 மி.மீ. பிரிண்டில்கூட வேறெங்கும் இல்லாத ஷாட் ஒன்று இருக்கலாம்.

மேசையும் சாமானும்

கையால் சுற்றும் ரீவைண்டர் ஒரு ஜோடி, அடியிலிருந்து வெளிச்சம் வரும் பால்கண்ணாடி மேசை, 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் லூப், நைட்ரைல் கையுறை, மில்லிமீட்டர் குறியிட்ட ஒரு மீட்டர் எஃகு ஸ்கேல், பஞ்சுநார் உதிராத துணி, ஃபிலிமுக்கென்றே விற்கும் பாலியஸ்டர் ஒட்டு டேப், ஃபிலிமை வெட்டி ஒட்டும் ஸ்பிளைசர், புதிய வெள்ளை லீடர் (முன்னும் பின்னும் ஒட்டும் வெற்று ஃபிலிம்), ஃபிலிமைச் சுற்றிவைக்க 75 மி.மீ. பிளாஸ்டிக் கோர். மோட்டார் வைத்த ரீவைண்டர் வேண்டாம். எங்காவது சிக்கினால் கை உடனே நிற்கும், மோட்டார் நிற்காது. அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தூசியில் பாதி அதிலிருந்துதான் விழுகிறது.

டப்பாவைத் திறந்ததும் எதையும் தொடாமல் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். டப்பா மேலுள்ள ஒட்டுச்சீட்டு, உள்ளே கிடக்கும் துண்டுத்தாள், ரீலின் பெயர் பொறித்த தகடு எல்லாம் சேர்த்து. கோடாஸ்கோப் ரீல் தகட்டில் உள்ள எண் பின்னால் படத்தை அடையாளம் காண உதவும். துருப்பிடித்த பழைய ரீல் என்று தூக்கி எறிந்தால் அந்தத் தடயமும் போய்விடும்.

நைட்ரேட்டா, அசிடேட்டா?

இதைத் தீர்மானிக்காமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. கோடக் 1923-ல் 16 மி.மீ. கொண்டுவந்தபோதே வீட்டில் ஓட்டுவதற்கென்று பாதுகாப்பான அசிடேட்டில்தான் கொண்டுவந்தது. 1922 இறுதியில் வந்த பதேயின் 9.5 மி.மீ.யும் அப்படியே. எனவே இந்த இரண்டு கேஜிலும் தீ பயம் பெரிதாக இல்லை. 35 மி.மீ. என்றால் கதை வேறு. ஊமைப்பட காலத்து 35 மி.மீ. நைட்ரேட் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். நெகட்டிவின் ஓர எழுத்து பிரிண்டுக்கும் வந்துவிடும். தெளிந்த ஓரத்தில் கறுப்பாகத் தெரியும் எழுத்து அந்த பிரிண்ட் ஸ்டாக்குக்கு (படத்தை அச்சிட்ட ஃபிலிமுக்கு) உரியது. கறுப்பு ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அது நெகட்டிவிலிருந்து வந்தது.

கோடக் ஓரக் குறிகள் (வட்டம், சதுரம், முக்கோணம்) ஸ்டாக் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் அந்தச் சுழற்சி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1925-க்கான குறி 1945-க்கும் 1965-க்கும் ஒன்றே. கேஜ், துளை, டைட்டில் அட்டை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு.

நைட்ரேட் சிதைவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் படம் மங்கிப் பழுப்பேறும். டப்பாவின் உட்புறம் துருநிற வளையம் விழும். அடுத்து எமல்ஷன் (படம் பதிந்த ஜெலட்டின் படலம்) பிசுபிசுத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, நுரையும் கொப்புளமும், மூக்கைத் துளைக்கும் நெடியும். நான்காவது, முழு ரீலும் ஒரே கட்டி. கடைசியில் பழுப்புத் தூள். முதல் இரண்டு கட்டத்தில் முழுப்படத்தையும் நகலெடுக்கலாம். மூன்றாவதில் சில பகுதிகள் தேறும். அதற்குப் பிறகு அது அழிக்கவேண்டிய ஆபத்துப் பொருள்.

நல்ல நிலையிலுள்ள நைட்ரேட் ஏறத்தாழ 150 டிகிரியில் தீப்பற்றும். நன்றாகச் சிதைந்தது 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தொடர்ந்து கிடந்தாலே பற்றிக்கொள்ளக்கூடும். சித்திரை வெயிலில் நம்மூர் ஓட்டுக்கூரைப் பரண் அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். எரிவதற்கான ஆக்ஸிஜன் ஃபிலிமுக்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் மூழ்கடித்தாலும் தொடர்ந்து எரியும். துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். செய்ய வேண்டாம், அந்தச் சந்தேகத்தை ஆவணக்காப்பகம் தீர்க்கட்டும். காற்றுப்புகாத டப்பாவில் அடைக்காமல், வெயில் படாத குளிர்ந்த இடத்தில், குடியிருக்கும் வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாதாரண கூரியரில் அனுப்ப முடியாது. நைட்ரேட் ஃபிலிம் யுஎன் 1324 எண்ணில் வரும் ஆபத்துச் சரக்கு. இந்தியாவில் அதைச் சேமிப்பதும் கொண்டுசெல்வதும் 1948-ம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் ஃபிலிம் விதிகளுக்கு உட்பட்டது. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கோ மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதிக் கேட்டுவிட்டு அசைக்கலாம். இனிமேல் சொல்வதெல்லாம் அசிடேட் பிரிண்டுக்கு.

காடி வாசனையும் சுருக்கமும்

அசிடேட்டின் வியாதி வினிகர் சிண்ட்ரோம். பேஸ், அதாவது எமல்ஷனைத் தாங்கும் பிளாஸ்டிக், சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். மூக்கை நம்பாமல் ஏ-டி ஸ்ட்ரிப் எனும் நீலநிறச் சோதனைத்தாளை வாங்குங்கள். ராச்செஸ்டரின் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் உருவாக்கியது. டப்பாவுக்குள் ஒரு தாளை வைத்து மூடி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விடுங்கள். நீலமாகவே இருந்தால் 0. பச்சை ஏற ஏற 1, 2. மஞ்சளானால் 3. நடுவில் 1.5 என்பது திருப்புமுனை: அதைத் தாண்டினால் சிதைவு தானாகவே வேகமெடுக்கும். 2 வந்த பிரிண்டை மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்து வைத்து, ஸ்கேன் வரிசையில் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். 3 என்றால் வளைவும் சுருக்கமும் வாசலில் நிற்கின்றன. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவில் உடனே தாளை வைத்தால் குறைவான அளவு காட்டி ஏமாற்றும்.

சுருக்கத்தை அளக்கத் தனிக்கருவி இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஸ்கேலே போதும். 16 மி.மீ. பிரிண்டில் ஒரு துளையின் விளிம்பிலிருந்து அடுத்த துளையின் அதே விளிம்புவரை 7.62 மி.மீ. ஆக 100 ஃபிரேம் 762 மி.மீ. இருக்க வேண்டும். ஃபிலிமை ஒளிமேசை மேல் படுக்கவைத்து, மேலே ஒரு கண்ணாடிப் பட்டையை வையுங்கள், இழுக்காதீர்கள். 100 துளை இடைவெளி எண்ணி அளவெடுங்கள். 753 மி.மீ. வந்தால் குறைவு 9 மி.மீ., அதாவது ஏறத்தாழ 1.2 சதவீதம். 9.5 மி.மீ.க்கு இதே கணக்கில் 754 மி.மீ. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் அளந்து மோசமானதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

0.8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்சக்கரம் உள்ள கருவிகூட எச்சரிக்கையோடு தாங்கும். 0.8-க்கும் 2-க்கும் இடையில் பற்சக்கரமே இல்லாத, உருளையால் நகர்த்தும் ஸ்கேனர் மட்டும். 2-ஐத் தாண்டினால், இப்படிப்பட்ட ஃபிலிமைக் கையாண்டு பழகிய கூடத்தைத் தேடுங்கள். ஸ்கேன் கூடத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: “உங்க ஸ்கேனர்ல பின் ரெஜிஸ்ட்ரேஷனா?” ஆம் என்றால் சுருங்கிய பிரிண்டை அங்கே கொடுக்க வேண்டாம். துளைக்குள் இறங்கும் ஊசிக்குச் சுருங்கிய துளை பொருந்தாது.

எந்தப் படம் இது?

வீட்டு பிரிண்டுகளில் அசல் டைட்டில் பெரும்பாலும் இருக்காது. பெயரே மாற்றி விற்றிருப்பார்கள். குழந்தைகளை வைத்துக் காலத்தைக் குறுக்கலாம். எர்னி மாரிசன், அதாவது சன்ஷைன் சாமி, இருந்தால் 1922 முதல் 1924-க்குள். குண்டுப் பையன் ஜோ காப் வந்தது 1923-ல். முகமெல்லாம் புள்ளி விழுந்த மிக்கி டேனியல்ஸும் சுருள்முடி மேரி கோர்ன்மனும் 1926-ல் விலகினார்கள். கண்ணைச் சுற்றி வளையம் போட்ட பீட் நாய் தெரிந்தால் 1927 அல்லது அதற்குப் பின். ஃபரினா என்கிற ஆலன் ஹாஸ்கின்ஸ் தொடக்கத்தில் தவழும் வயதுக் குழந்தை. ஆண்டுக்கு ஆண்டு வளர்வதால் அவனே ஒரு நாள்காட்டி.

பிரிண்டின் வயதுக்குத் துளைகளைப் பாருங்கள். 16 மி.மீ.யில் இரண்டு ஓரத்திலும் துளை இருந்தால் ஊமை பிரிண்ட். ஒரு ஓரத்தில் மட்டும் துளை, மறு ஓரத்தில் ஒலிப்பட்டை என்றால் பின்னாளில் இசை சேர்த்த மறுவெளியீடு. அப்படிப்பட்ட பிரிண்டில் இடது ஓரத்து முகங்கள் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள். முழுச்சட்ட ஊமை நெகட்டிவை ஒலிப்படச் சட்டத்தில் அச்சிட்டதன் விளைவு அது. அந்தப் பகுதி இந்த பிரிண்டில் இல்லவே இல்லை. எந்த மென்பொருளாலும் திரும்பாது.

ஒளிமேசையில் ஒரு முறை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஷாட் பட்டியல் எழுதுங்கள். தொடக்க அடி, முடிவு அடி, என்ன நடக்கிறது, ஒட்டு, கிழிசல். 16 மி.மீ.யில் ஒரு அடிக்கு 40 ஃபிரேம், 35 மி.மீ.யில் 16. ஆக 35 மி.மீ.யில் இரண்டாயிரம் அடி உள்ள படம் 16 மி.மீ.யில் 800 அடி. உங்கள் பிரிண்ட் 400 அடிதான் என்றால் பாதிப்படம் வெட்டப்பட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

சுத்தம், ஒட்டு

உலர்ந்த சுத்தம் முதலில். மென்மையான வெல்வெட் துணிக்குள் ஃபிலிமை மடித்துப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். தூசி போனபின் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துணியை ஈரமாக்கி (சொட்டச் சொட்ட அல்ல), ஃபிலிம் மறுபக்கச் சுருளில் ஏறுமுன் உலர்ந்துவிடும் வேகத்தில் இழுங்கள். சில மீட்டருக்கு ஒருமுறை துணியின் புதிய மடிப்புக்கு மாறாவிட்டால், அதில் ஒட்டிய மணலே ஃபிலிமைக் கீறும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹால் ஆகாது: மீதி 30 சதவீதம் தண்ணீர், எமல்ஷனை ஊதவைத்துக் கறை விடும். தின்னரும் அசிட்டோனும் பேஸையே கரைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அருகில் எந்தத் தணலும் இல்லாமல் செய்யுங்கள்.

நிறமேற்றிய பிரிண்ட் என்றால் ஈரச் சுத்தத்துக்கு முன் ஓரத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு புள்ளி தொட்டுப் பாருங்கள். சாயம் பஞ்சில் ஏறினால் உலர்சுத்தத்தோடு நிறுத்துங்கள். பூஞ்சை இருந்தால் எந்த ஈரமும் கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். துடைத்தால் படமே துணியோடு வந்துவிடும். நன்றாக உலரவிட்டு, என்-95 முகமூடியோடு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பழைய ஃபிலிம் சிமென்ட் ஒட்டுகள் வறண்டு விட்டுப்போகும். ஒவ்வொன்றையும் விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். திறந்துகொண்டால் வெட்டிப் புதிதாக ஒட்டாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றிரண்டு ஃபிரேம் போகும். பழைய சிமென்ட் படிவை மட்டும் சுரண்டி, அதே மேல்படிவில் புது சிமென்ட் மெலிதாகத் தடவி, 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எமல்ஷன் முழுக்கச் சுரண்டப்படாத இடத்தில் சிமென்ட் பிடிக்காது, ஏனென்றால் அது பசையே அல்ல. பேஸைக் கரைத்து இணைப்பது. ஸ்கேனுக்காக மட்டும் என்றால் ஃபிலிம் டேப் போதும். சாதாரண செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஏறும்.

கிழிந்த துளைகளை எல்லாம் சரிசெய்ய உட்காராதீர்கள். பற்சக்கரமில்லாத ஸ்கேனருக்குத் துளை முழுமையாக இருக்கத் தேவையில்லை. எங்கும் சிக்காமல் போனால் சரி. பறந்துகொண்டிருக்கும் கிழிசல் ஓரத்தை மட்டும் ஒரு பக்க டேப்பால் அமர்த்தி, படச்சட்டத்தின் மேல் டேப் ஏறாமல் நறுக்குங்கள்.

ஸ்கேன்

கூடத்துக்கு எழுத்தில் கொடுக்கவேண்டியவை:

– ஓரமும் துளையும் தெரியும்படி சட்டத்தைத் தாண்டி ஸ்கேன் செய்ய வேண்டும். ஓரக்குறிகள் பின்னால் தேவைப்படும். படத்தை நிலைநிறுத்தத் துளையே ஆதாரம்.
– கூர்மையேற்றம், இரைச்சல் நீக்கம், ஆட்டம் திருத்தம், தானியங்கி வெளிச்சம் எல்லாம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.
– கறுப்புவெள்ளைதானே என்று நிறத்தை நீக்கக் கூடாது. கோடாஸ்கோப் பிரிண்டுகள் பல ஆம்பர் நிற ஸ்டாக்கில் வந்தவை. அந்த நிறமும் ஆவணம்தான்.
– ஒரு ஃபிலிம் ஃபிரேமுக்கு ஒரு ஃபைல். வேகத்துக்காக எந்த ஃபிரேமையும் இரட்டிக்கக் கூடாது.

16 மி.மீ.க்கு 2கே (ஏறத்தாழ 2,000 புள்ளி அகலம்) தாராளம். 10-பிட் டிபிஎக்ஸ் எனும் படக்கோப்பில் 2048 × 1556 அளவு ஒரு ஃபிரேம் 12.7 எம்பி. 400 அடி என்றால் 16,000 ஃபிரேம், ஏறத்தாழ 204 ஜிபி. எஃப்எஃப்வி1 எனும் வீடியோ வடிவில் இழப்பின்றிச் சுருக்கினால் கணிசமாகக் குறையும்.

“தூசியை இன்ஃப்ராரெட் பார்த்துக்கொள்ளும்” என்று யாராவது விலை சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். வண்ண ஃபிலிமின் சாயம் இன்ஃப்ராரெட்டை விட்டுவிடும், தூசி மட்டும் தெரியும். கறுப்புவெள்ளைப் படத்தின் வெள்ளி இன்ஃப்ராரெட்டையும் மறைத்துவிடும். படமும் தூசியும் ஒன்றாகவே தெரியும். கீறலுக்கு வெட்கேட் பயன்படும். பேஸின் ஒளிவிலகலுக்கு இணையான திரவம் கீறலை நிரப்பி மறைக்கும். ஆனால் எமல்ஷன் பக்கம் ஆழமாக விழுந்து வெள்ளியைப் பெயர்த்த கீறலுக்கு அதனால் பயனில்லை.

9.5 மி.மீ.யில் ஒரு சூட்சுமம் உண்டு. துளை ஓரத்தில் இல்லை, இரண்டு ஃபிரேமுக்கு நடுவில். அது பரவாயில்லை, ஸ்கேனரில் ஃபிலிம் கடந்துபோகும் கேட் சரியானதாக இருந்தால் போதும். சிக்கல் டைட்டில்களில், அதாவது இடையிடையே வரும் வசன அட்டைகளில். ஃபிலிமை மிச்சம் பிடிக்க பதே ஒரு வழி செய்தது: ஒவ்வொரு டைட்டிலுக்கும் ஒன்றிரண்டு ஃபிரேம் மட்டும் அச்சிட்டு, ஓரத்தில் சின்ன வெட்டு போட்டது. புரொஜெக்டரில் அந்த வெட்டு ஒரு நெம்புகோலைத் தொட, ஃபிலிம் சில விநாடி நின்று டைட்டில் திரையில் தங்கும். ஸ்கேனருக்கு இது தெரியாது. ஃபைலை ஓட்டினால் டைட்டில் கண்சிமிட்டும் நேரத்தில் பறந்துவிடும். பழுது என்று நினைத்து அந்த ஃபிரேம்களை நீக்கியவர்களும் உண்டு. ஷாட் பட்டியல் எழுதும்போதே வெட்டு உள்ள ஃபிரேம் எண்களைக் குறித்து வையுங்கள். பார்வைப் பிரதியில் மட்டும், உரக்க ஒன்றரை முறை வாசிக்கும் நேரத்துக்கு அந்த ஃபிரேமை நீட்டுங்கள். விளக்கின் சூட்டில் பல ஆண்டு நின்று நின்று அந்த ஃபிரேம்கள் உப்பி அழுக்கேறியிருக்கும். அவற்றை ஃபோகஸ் மாற்றித் தனியாக ஒரு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வெட்டின் ஓரமும் ஸ்கேனரில் சிக்கக்கூடிய இடம். அங்கே டேப் போட்டு மூடினால் தடயம் மறையும், ஆகவே வேகத்தைக் குறைக்கச் சொல்வதே வழி.

வேகம்

ஊமைப்படத்துக்கு ஒரே வேகம் கிடையாது. கேமராவைக் கையால் சுற்றினார்கள். நகைச்சுவையில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றித் துரத்தல்களை வேகமாக்கினார்கள். 400 அடி 16 மி.மீ., விநாடிக்கு 16 ஃபிரேமில் 16 நிமிடம் 40 விநாடி. 20-ல் 13 நிமிடம் 20 விநாடி. 24-ல் 11 நிமிடம் 7 விநாடி. எதைத் தேர்வது? துரத்தல் காட்சியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பெரியவர் ஒருவர் சும்மா நடக்கும் ஷாட், குழாயில் கொட்டும் தண்ணீர், கீழே விழும் பொருள், பின்னணியில் போகும் தெருவண்டி இவற்றைப் பாருங்கள். அவை இயல்பாகத் தெரியும் வேகத்துக்கு ஒரு படி மேலே வையுங்கள்; அன்றைய திரையரங்குகள் எடுத்த வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டின. இந்த வரிசைக்கு 20 முதல் 24 வரை பெரும்பாலும் பொருந்தும். 16-ல் வைத்தால் அடி விழுவதற்கும் முகம் கோணுவதற்கும் இடையே சிரிப்பு செத்துவிடுகிறது.

24-ல் ஓடும் ஃபைலுக்குள் 20-ஐ அடக்க, ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டியுங்கள். 18 என்றால் மூன்றுக்கு ஒன்று. இடையில் புது ஃபிரேம்களைக் கற்பித்து 60 ஆக்கும் மென்பொருளில், ஓடும் எட்டுக் கால்கள் குழைந்து ஒன்றாகிவிடும்.

வேறு பிரிண்டோடு சேர்ப்பது

வெட்டுப்பட்ட கோடாஸ்கோப்பும் ஐரோப்பிய 9.5-ம் சேர்ந்து முழுப்படம் தரும் வாய்ப்பு உண்டு. ஆனால் அன்று இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடிப்பார்கள். ஒன்றின் நெகட்டிவ் உள்நாட்டுக்கு, மற்றது வெளிநாட்டுக்கு. இரண்டு பிரிண்டிலும் ஒரே ஷாட்டை எடுத்து, முன்னால் உள்ள கம்பமும் பின்னால் உள்ள ஜன்னலும் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்று ஒப்பிடுங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் நெகட்டிவ் வேறு. அப்போது ஷாட்டின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவினால் காட்சி குதிக்கும். முழு ஷாட்டாக மாற்றுவதே சரி. சில சமயம் டேக்கே வேறாக இருக்கும்.

ஹால் ரோச் படங்களின் டைட்டில் வாசகங்களுக்கு எச். எம். வாக்கர் பேர்பெற்றவர். பிரெஞ்சு பிரிண்டிலிருந்து மொழிபெயர்த்து எழுதும் டைட்டிலை அவருடையதுபோலக் காட்டக் கூடாது. புதிதாகச் செய்த ஒவ்வொரு டைட்டில் அட்டையின் மூலையிலும் செய்த ஆண்டோ ஒரு சிறு குறியோ இருக்கட்டும். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே கூட்டமாக விளையாடியது அன்றைய அமெரிக்கத் திரையில் அபூர்வம். அதே படங்களில் இன்று கூச வைக்கும் இனக்கேலியும் இருக்கிறது. வெட்டாதீர்கள்; தொடக்கத்தில் நான்கு வரி விளக்கம் போடுங்கள்.

டிஜிட்டல் சுத்தத்தில் தவறுவது

தூசி நீக்கும் மென்பொருளின் தர்க்கம் எளிது: ஒரு ஃபிரேமில் மட்டும் தோன்றி, முன்னும் பின்னும் இல்லாதது தூசி. இந்தப் படங்களில் ஒரு ஃபிரேமில் மட்டும் தோன்றுவது தக்காளியாகவோ, மாவாகவோ, தலையணைப் பஞ்சாகவோ, சேற்று உருண்டையாகவோ இருக்கும். தானியங்கியை முழு ரீலுக்கும் ஏவினால் எறிந்த தக்காளி நடுவானில் மறைந்து முகத்தில் மட்டும் வெடிக்கும். நாய் வால் ஆட்டினால் வால் நுனி போய்விடும். மிக்கி டேனியல்ஸின் முகப்புள்ளிகள் தனிக்கேஸ்: அவன் தலையைத் திருப்பும் ஃபிரேம்களில் அவற்றையும் தூசி என்று எண்ணிக் கழுவி, முகத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் விட்டுவிடும். ஷாட் ஷாட்டாகப் பிரித்து, எறிதலும் ஓட்டமும் உள்ளவற்றைக் கையால் செய்யுங்கள். முடிந்ததும் அசலுக்கும் திருத்தியதுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனிப்படமாக எடுத்துப் பாருங்கள். அதில் தூசிப்புள்ளிகள் மட்டும் சிதறித் தெரிந்தால் சரி. ஒரு கையின் கோட்டுருவம் தெரிந்தால் மென்பொருள் நடிகரைத் தின்கிறது.

ஆட்டத்தைத் துளையை ஆதாரமாக வைத்துத் திருத்துங்கள். படத்தின் உள்ளடக்கத்தைப் பிடித்து நிறுத்தினால் கேமராவே அசைந்த இடங்களும் உறைந்துவிடும். வெளிச்சத் துடிப்பைக் குறைக்கலாம், முற்றாகத் துடைக்க வேண்டாம். கையால் சுற்றியதால் வந்ததும் அதில் சேர்ந்திருக்கிறது. ஃபிலிமின் வெள்ளி மணிகளை (கிரெயின்) நீக்கவே வேண்டாம்.

வைப்பது

ஸ்கேன் ஆனதும் பிரிண்டைத் தூக்கிப்போட யோசிக்காதீர்கள். புது அசிடேட்டே 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் ஏறத்தாழ 40 ஆண்டில் வினிகர் நிலையைத் தொடும் என்பது கணிப்பு. நம் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். துருப்பிடித்த ரீலிலிருந்து பிளாஸ்டிக் கோருக்கு மாற்றி, இறுக்காமல் சமமாகச் சுற்றி, காற்றோட்டமுள்ள பாலிப்ரோப்பிலீன் டப்பாவில் வையுங்கள். பனி பிடிக்காத ஃப்ரீசர் இருந்தால், முதலில் ஃபிலிமை 50 சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதத்தில் சில நாள் ஆறவிடுங்கள். பிறகு டப்பாவை இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஈரப்பதம் காட்டும் அட்டை வைத்து மூடுங்கள். வெளியே எடுத்தால் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஃபிலிம் மேல் தண்ணீர் கோக்கும்.

ஃபைல்களில் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் மாறிவிட்டதா என்று காட்டும் எண்) எடுத்து ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். திருத்தாத ஸ்கேனே மாஸ்டர். சுத்தம் செய்தது அதன் நகல். 1929 வரை வெளியான அமெரிக்கப் படங்கள் அங்கே காப்புரிமை முடிந்து பொதுச்சொத்தானவை. இந்தியாவில் படத்துக்கான காப்புரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. புதிதாகச் சேர்த்த இசைக்கும் தொலைக்காட்சிக்காகச் சேர்த்த வர்ணனைக்கும் உரிமை தனி, அதைச் சரிபார்த்தபின் இணையத்தில் ஏற்றுங்கள்.

காப்பகத்துக்கு எழுதும்போது கேஜ், நீளம் அடியில், ஏ-டி எண், சுருக்கச் சதவீதம், ஓரக்குறி, முதல் டைட்டிலின் போட்டோ, ஷாட் பட்டியல் ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே இணைத்துவிடுங்கள். வெறுமனே “பழைய குழந்தைகள் படம் ஒன்று இருக்கிறது” என்று எழுதினால், அதே விவரங்களைக் கேட்டுத்தான் பதில் வரும்.